நாம், நாங்கள், அவர்கள்: இசைச் சஞ்சிகை அட்டைகளின் இலக்கணம்

பிரித்தானியாவில் உயர்தர வகுப்பில் ஊடகக் கற்கை படித்த பிள்ளைகளுக்குப் பல வருடங்களாக ஒரு செயற்றிட்டம் இருந்தது. புதிதாக ஓர் இசைச் சஞ்சிகையைக் கற்பனை செய்து, அதன் முன்னட்டை, உள்ளடக்கப் பக்கம், எதிரெதிராக விரியும் இரண்டு பக்கக் கட்டுரை ஆகியவற்றை வடிவமைக்க வேண்டும். பிறகு தான் செய்ததைப் பற்றிச் சில வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். அதில் ஒன்று, உனது சஞ்சிகை குறிப்பிட்ட சமூகக் குழுக்களை எப்படி 'ரெப்ரசென்ட்' பண்ணுகிறது என்பது.

இந்த வினாவைத் தமிழில் கேட்கப்போனால் முதல் அடியிலேயே இடறுகிறது. 'ரெப்ரசென்ட்' என்பதைச் சித்திரிப்பு என்றும் எழுதலாம், பிரதிநிதித்துவம் என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றல்ல. சித்திரிப்புக்கு ஒரு படம் போதும். பிரதிநிதித்துவத்துக்கு ஆசனம் வேணும். இலங்கை முஸ்லிம் வாசகருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தேர்தல் சுவரொட்டியில் எங்கட தொப்பியும் பர்தாவும் சிரித்துக்கொண்டு நிற்பதும், எண்ணி முடிந்த பிறகு எங்களுக்கு ஆசனம் கிடைப்பதும் வேறு வேறு விடயங்கள் என்பது எங்களுக்கு அனுபவம்.

அந்த வினாவுக்குப் பிள்ளைகள் எழுதும் வழமையான விடை எப்படி இருக்கும் என்று ஊகிக்கலாம். ஹூட் போட்ட பொடியன், கழுத்தில் ஹெட்போன், பின்னால் கிறுக்கல் சுவர். ஆகவே இது நகர்ப்புற இளைஞரைக் காட்டுகிறது. கறுப்பு உடை, கண்ணில் மை, உடைந்த எழுத்துரு. ஆகவே இது ரொக் ரசிகரைக் காட்டுகிறது. புள்ளி கிடைக்கும். ஆனால் இது சித்திரிப்பைப் பற்றிய விடை மட்டுமே. அட்டையில் நிற்பவர் யார் என்று சொல்கிறது. அந்த அட்டை யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று சொல்லவில்லை.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். ஊடகக் கோட்பாடு என் துறையில்லை. ஆனாலும் இந்த இடத்தில் எங்கட இலக்கணத்திடம் ஒரு நல்ல கருவி இருக்கிறது. 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. முன்னிலையையும் படர்க்கையையும் தன்மையோடு சேர்த்துக்கொள்வதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கண நூலார் சொல்வார்கள். (பேச்சில் நாங்கள் பெரும்பாலும் 'நாங்க' என்ற ஒன்றாலேயே காரியத்தை முடித்துவிடுகிறோம், இந்தக் கட்டுரையிலும் அப்படித்தான் வரும்.) ஆங்கிலத்தில் இந்த வேற்றுமை கிடையாது. அவர்களுக்கு எல்லாம் ஒரே 'வி'. அதனால்தானோ என்னவோ, அவர்களுடைய சஞ்சிகை அட்டைகள் அந்த வேலையை எழுத்துருவாலும் நிறத்தாலும் படத்தாலும் செய்கின்றன. ஓர் அட்டையைக் கையில் எடுத்தால் நான் கேட்பது இதுதான்: இது என்னிடம் 'நாம்' என்கிறதா, 'நாங்கள்' என்கிறதா, அல்லது என்னைப் படர்க்கையில் வைத்து 'அவர்கள்' என்று வேறு யாருக்கோ சொல்கிறதா?

ஏன் இசைச் சஞ்சிகை? செய்திச் சஞ்சிகை எல்லாருக்கும் பேசுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இசைச் சஞ்சிகைக்கு அந்த வசதி இல்லை. எந்த இசை என்று சொன்னவுடனேயே எந்த வயது, எந்த வர்க்கம், எந்த நிறம், எந்தச் சப்பாத்து என்பது பாதி தெரிந்துவிடுகிறது. குழு இல்லாமல் அது விற்காது. ஆகவே வடிவமைப்பின் முகவரி அங்கேதான் ஆகவும் வெளிப்படையாகத் தெரியும். இசை கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். எங்கட பிள்ளைகளின் தொலைபேசியில் அந்த வாதம் முடிகிற வரைக்கும் பாட்டு காத்துக்கொண்டிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

1978இல் நிக் லோகன் தொடங்கிய 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' பாடல் வரிகளை அச்சிட்டுப் பெயரெடுத்த சஞ்சிகை. பாட்டுப் புத்தகம் வாங்கி மனப்பாடம் பண்ணிய தலைமுறைக்கு இது புதினமில்லை. 1980களின் கடைசியில் அதன் விற்பனை பத்து இலட்சம் பிரதிகளைத் தொட்டது. வாசகரில் பெரும்பகுதி பதின்ம வயதுப் பெண்பிள்ளைகள். பளிச்சென்ற நிறங்கள், பக்கத்துக்குப் பக்கம் சரிந்து நிற்கும் தலைப்புகள், கழற்றிச் சுவரில் ஒட்டத் தோதான பெரிய படங்கள். இதைப் பார்த்துவிட்டு 'சின்னப் பிள்ளைத்தனம்' என்று தள்ளிவிட்டவர்கள் அந்த நாட்டிலும் நிறையப் பேர். ஆனால் வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதிய 'பிளாக் டைப்' என்ற கற்பனைப் பாத்திரத்தின் நக்கலைப் பார்த்தால், அந்தச் சஞ்சிகை தன் வாசகியை மடைச்சியாக நினைக்கவில்லை என்பது விளங்கும். பகிடி விளங்கினவள் என்றுதான் அவளை வைத்திருந்தது.

அஞ்செலா மக்றொபியும் ஜெனி கார்பரும் 1976இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே உதவும். இளைஞர் கலாசாரத்தை ஆராய்ந்தவர்கள் எல்லாம் வீதியில் நிற்கும் பொடியன்களையே பார்த்தார்கள். பெண்பிள்ளைகளின் கலாசாரம் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நடந்ததால் அது அவர்களின் கண்ணில் படவில்லை என்பது அவர்களின் வாதம். பெண்கள் பாடசாலையில் படிப்பிக்கிற எனக்கு இது புத்தகத்தில் வாசித்துத் தெரியவேண்டிய விடயமில்லை. 'ஸ்மாஷ் ஹிட்ஸ்' அந்தக் கதவைத் தட்டிய சஞ்சிகை. அதன் வடிவமைப்பே அறைச் சுவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது.

அதே சஞ்சிகையை முன்பு ஆசிரியர்களாக இருந்து நடத்திய டேவிட் ஹெப்வர்த், மார்க் எலன் ஆகிய இருவரும்தான் 1986இல் 'கியூ'வைத் தொடங்கினார்கள். கைகள் அதே கைகள்; ஆனால் எதிரே இருப்பவர் வேறு. சிவப்புச் சதுரத்துக்குள் ஒரு வெள்ளை எழுத்து. ஒழுங்கான பத்திகள். பின் பக்கங்களில் நூற்றுக்கணக்கில் மதிப்புரைகள், ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம். அது இறுவட்டு வந்த காலம். உத்தியோகம் பார்த்து, கையில் காசு வைத்துக்கொண்டு, பழைய இசைத்தட்டுகளைத் திரும்ப இறுவட்டாக வாங்குகிற முப்பது வயது ஆண் அந்த நட்சத்திரங்களின் எதிரே நிற்கிறார். அவரைக் கொள்வனவாளராகத்தான் அது பார்க்கிறது. பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுவரில் ஒட்டும் வாசகியும் பட்டியல் பார்க்கும் வாசகரும் ஒரே மாதிரியான 'நாம்' அல்ல.

'த சோர்ஸ்' வேறொன்று செய்தது. 1988இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு செய்தி மடலாகத் தொடங்கிய ஹிப்-ஹொப் சஞ்சிகை அது. தொடங்கிய இருவரும் வெள்ளை மாணவர்கள். இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். உரிமையாளரின் நிறத்தை வைத்து ஒரு சஞ்சிகையின் 'நாம்' எது என்று தீர்மானித்துவிட முடியாது. அது நட்சத்திரத்துக்குப் பதிலாக ஒலிவாங்கி போட்டது. ஐந்து ஒலிவாங்கி வாங்கிய இசைத்தட்டு என்றால் அந்த உலகில் பெரிய பேச்சு. நட்சத்திரம் கடையில் நின்று பொருளை மதிப்பவரின் குறி. ஒலிவாங்கி மேடையில் கையில் பிடிக்கிற சாமான். பெயர் தெரியாத பாடகர்கள் அனுப்பும் ஒலிநாடாக்களை அறிமுகப்படுத்த அதில் ஒரு பத்தி இருந்தது, நொடோரியஸ் பி.ஐ.ஜி. 1992இல் அதில் வந்தவர்தான். அதாவது வாசகர் நாளைக்கு அட்டையில் வரக்கூடியவர். பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் இடையில் சுவர் இல்லை. இதைத்தான் நான் ஆசனம் என்கிறேன். அந்த உலகில் அலி ஷஹீத் முஹம்மத் என்ற பெயர் ஒரு பெயராக மட்டுமே வந்துபோகும். அதற்குப் பக்கத்தில் விளக்கக் குறிப்பு எதையும் ஒருவரும் தேடுவதில்லை.

இனி ஒரு கொடியின் கதை.

1992 ஓகஸ்ட் 8ஆம் திகதி லண்டனின் பின்ஸ்பரி பார்க்கில் மட்னெஸ் குழுவின் பெரிய கச்சேரி. அதில் பாடவந்த மொரிஸி, பிரித்தானியக் கொடியை மேடையில் தூக்கி ஆட்டினார். பின்திரையில் இரண்டு ஸ்கின்ஹெட் பெண்களின் பெரிய படம். மட்னெஸ் கச்சேரிகளுக்கு இனவாத நெஷனல் ஃப்ரொன்ட் ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர் வருவது அந்த நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த விடயம். மொரிஸி ஏற்கெனவே 1988இல் ஒரு வங்காளக் குடியேறியைப் பற்றி, நீ இங்கே சேர்ந்தவனல்ல என்ற தொனியில் பாடி ஒரு வாதத்தைக் கிளப்பியிருந்தார். இரண்டு கிழமை கழித்து 'என்.எம்.இ.' அவரைக் கொடியோடு அட்டையில் போட்டது. கொடியைத் தூக்கிப் பிடிக்கிறாரா, நெருப்போடு விளையாடுகிறாரா என்ற பொருளில் ஒரு தலைப்பு, கடைசியில் கேள்விக்குறி.

அந்த இதழ் தைரியமானது. தன் வாசகர் தலையில் வைத்துக் கொண்டாடிய ஒருவரைக் கூண்டில் ஏற்றியது. உள்ளே எழுதியவர்களில் டெலே ஃபடெலே என்ற கறுப்பின எழுத்தாளரும் ஒருவர். இதையெல்லாம் மதித்துக்கொண்டுதான் அந்தக் கேள்விக்குறியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். யாருக்கு அது கேள்வி? மொரிஸியின் இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிற வெள்ளை வாசகருக்கு அது உண்மையான கேள்வி. அவருக்கு அது நெஞ்சுவலி. டவர் ஹேம்லட்ஸில் வளர்ந்த ஒரு வங்காளப் பிள்ளைக்கு அதில் கேள்வி எதுவும் இல்லை. மொட்டைத் தலையும் அந்தக் கொடியும் சேர்ந்து வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பது அவனுக்குச் சின்னதிலேயே தெரியும். அட்டை அவனைப் பற்றியது. அவனிடம் பேசவில்லை. கட்டுரைக்குக் கறுப்பு எழுத்தாளர் கிடைத்த அளவுக்குக்கூட அட்டையில் அவனுக்கு இடமில்லை. ஒரு சஞ்சிகையின் உள்ளே இருக்கிற நியாயத்தைவிட அதன் அட்டை எப்போதும் ஒரு படி பின்னால்தான் நிற்கிறது என்பது என் அவதானம். உள்ளே எழுத்தாளர் பேசுகிறார். அட்டையில் விற்பனைப் பிரிவும் கூடவே பேசுகிறது.

இதற்குச் சரியான பதிலைச் சொன்னவர்கள் 'கோர்னர்ஷொப்' குழுவினர். தஜிந்தர் சிங் முன்னின்ற குழு. ஆசியர் என்றால் மூலைக்கடை நடத்துகிறவர் என்ற ஏளனத்தையே பெயராக வைத்துக்கொண்டவர்கள். இ.எம்.ஐ. நிறுவனத்தின் வாசலில் வைத்து மொரிஸியின் படத்தை எரித்தார்கள். அடுத்து வெளியிட்ட இசைத்தட்டைக் கறி நிறத்தில் அச்சிட்டார்கள். அந்த நிறத்தை நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். 'கறி நாற்றம்' என்று பாடசாலையில் பழி கேட்ட பிள்ளைகள், அதையே வட்டமாக வெட்டி விற்றிருக்கிறார்கள். அட்டைக்கு அட்டையாலேயே பதில்.

எட்டு மாதம் கழிந்தது. 1993 ஏப்ரல் மாத 'செலக்ட்' சஞ்சிகை. சுவேட் குழுவின் பிரெட் அண்டர்சன் அட்டையில். அவருக்குப் பின்னால் அதே கொடி. இந்தமுறை கேள்விக்குறி இல்லை. அமெரிக்கர்களே, வீட்டுக்குப் போங்கள் என்று ஆச்சரியக்குறியோடு ஓர் அறைகூவல். அமெரிக்க 'கிரஞ்ச்' இசையின் ஆதிக்கத்துக்கு எதிராகப் பிரித்தானியக் குழுக்களைத் தூக்கிப் பிடித்த இதழ் அது. பின்னாளில் 'பிரிட்பொப்' என்று பெயர் பெற்ற அலைக்கு இந்த அட்டையையே தொடக்கமாகப் பலர் காட்டுவார்கள். கொடியை வைத்தது சஞ்சிகைதான். அண்டர்சன் பின்னர் அதிலிருந்து தன்னைத் தூரப்படுத்திக்கொண்டார்.

ஆகஸ்டில் குற்றமாக இருந்த கொடி ஏப்ரலில் அலங்காரம். எப்படி முடிந்தது? வடிவமைப்பு அதைச் செய்தது. மொரிஸியின் படத்தில் கொடி ஒரு மனிதனின் கையில் இருந்தது. கை என்றால் செயல். செயலுக்குப் பொறுப்பு உண்டு. 'செலக்ட்' அட்டையில் கொடி பின்னணியாகிவிட்டது. பின்னணிக்குப் பொறுப்பாளி கிடையாது. அது வெறும் சிவப்பு, வெள்ளை, நீலம். பகிடிக்குத்தானே என்று சொல்லிவிடலாம், சொன்னார்கள்.

ஆனால் 'வீட்டுக்குப் போ' என்ற வசனத்தைக் கவனியுங்கள். அமெரிக்கருக்கு அது பகிடி. அமெரிக்கருக்குப் போக ஒரு வீடு இருக்கிறது, போகச் சொல்லி யாரும் அவரை அடிக்கப்போவதுமில்லை. இங்கிலாந்தில் பிறந்த பாகிஸ்தானியப் பிள்ளைக்கும் வங்காளப் பிள்ளைக்கும் அது பாடசாலைச் சுவரில் வாசித்த வசனம். எங்களுக்கும் புதிதில்லை, எங்களை அரேபியாவுக்குப் போகச் சொன்ன கூட்டங்களை நாங்களும் கேட்டிருக்கிறோம். அதே கொடிக்குக் கீழே அதே வசனத்தை அச்சிட்ட வடிவமைப்பாளருக்கு இந்தப் பிள்ளையின் ஞாபகமே வரவில்லை. வெறுப்பால் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருடைய 'நாம்' என்ற வட்டத்துக்குள் அந்தப் பிள்ளை இருக்கவில்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது.

அந்த ஏப்ரல் 22ஆம் திகதி ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின மாணவன் லண்டன் எல்தமில் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டான். செப்டெம்பரில் டவர் ஹேம்லட்ஸின் மில்வோல் வட்டாரத்தில் பிரித்தானிய தேசியக் கட்சிக்காரர் ஒருவர் கவுன்சிலராகத் தெரிவானார். ஓர் இசைச் சஞ்சிகையின் அட்டைதான் இதற்கெல்லாம் காரணம் என்று சொல்ல நான் பேதை இல்லை. வீதியில் அந்தக் கொடி எதைச் சொன்னதோ, அது அட்டைக்குள் வந்து சேராதபடி ஒரு கதவு பூட்டியிருந்தது என்றுதான் சொல்கிறேன். நாலு வருடத்தில் கொடி கிட்டாரில் ஏறி, ஸ்பைஸ் கேர்ள்ஸ் ஜெரியின் சட்டையில் ஏறி, எல்லாருக்கும் பொதுவான பாஷனாகிவிட்டது. 1998இல் ஆஷா போஸ்லேயைக் கொண்டாடும் கோர்னர்ஷொப்பின் பாட்டு பிரித்தானியாவில் முதலிடத்துக்கு வந்தது; அடுத்த வருடம் தல்வின் சிங்குக்கு மேர்க்குரி பரிசு. பத்திரிகைகள் இந்த இசைக்கு 'ஏசியன் அண்டர்கிரவுண்ட்' என்று பெயர் வைத்தன. மேலே வந்த பிறகும் நிலத்துக்குக் கீழே என்றுதான் பெயர்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய அமளியைக் கிளப்பிய அட்டை 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையுடையது. 1967 நவம்பரில் ஜோன் லெனனை அட்டையில் போட்டுத் தொடங்கிய சஞ்சிகை. அதன் பெயர் எழுத்துரு ரிக் கிரிஃபின் என்ற போஸ்டர் ஓவியரின் கையிலிருந்து வந்தது. அந்த எழுத்துக்குக் கீழே ஒரு முகம் நேராகப் பார்த்தால், அது வழிபாட்டுக்குரிய முகம் என்று நாற்பத்தைந்து வருடமாக வாசகர் கண் பழகியிருந்தது.

2013 ஓகஸ்ட் 1ஆம் திகதியிட்ட இதழில் அந்த இடத்தில் வந்தவர் ஜொஹார் சர்னாயெவ். அந்த ஏப்ரலில் பொஸ்டன் மரதன் ஓட்டத்தில் நடந்த குண்டுவெடிப்பின் குற்றவாளி. மூன்று பேர் இறந்தார்கள், அதில் ஒருவன் எட்டு வயதுப் பையன். இருநூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். அட்டைப்படம் அவரே தன்னை எடுத்துக்கொண்ட படம்: சுருண்ட முடி, இளம் தாடி, தூங்குவது போன்ற கண். ஜிம் மொரிசன் மாதிரி என்றார்கள். சி.வி.எஸ்., வோல்கிரீன்ஸ் போன்ற பெரிய கடைத் தொடர்கள் அந்த இதழை விற்க மறுத்தன. பொஸ்டன் மேயர் கண்டித்துக் கடிதம் எழுதினார். இதில் வேடிக்கை, அதே படத்தை மே மாதம் 'நியூயோர்க் டைம்ஸ்' தன் முதல் பக்கத்தில் போட்டிருந்தது. அப்போது இப்படி ஒரு அமளி இல்லை.

படம் ஒன்று, பக்கம் இரண்டு. செய்தித்தாளில் அவர் படர்க்கை. இசைச் சஞ்சிகையின் அட்டையில் அதே முகம் 'நாம்' என்ற ஆசனத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அங்கே வாசகர் தன் வீரனையோ தன்னையோ பார்க்கத்தான் பழகியிருக்கிறார். அந்தக் கோபத்தில் கொலையுண்டவர்களுக்கான துக்கம் இருந்தது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். கூடவே இன்னொன்றும் இருந்தது. இந்தப் பொடியன் எங்கட பிள்ளைகள் மாதிரி இருக்கிறானே என்ற திடுக்கிடல். சஞ்சிகை சொல்ல வந்ததும் அதுதான். ஜெனட் ரைட்மன் எழுதிய உள்கட்டுரை நிதானமானது. கூடப் படித்தவர்கள், பயிற்றுநர் எல்லாரையும் கண்டு பேசி, ஒரு சாதாரணப் பொடியன் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தான் என்று தேடுகிறது.

ஆனால் அட்டையின் எழுத்தைப் பாருங்கள். எல்லாருக்கும் பிடித்த, முன்னேறக்கூடிய மாணவன், குடும்பம் கைவிட்டது, தீவிர இஸ்லாத்துக்குள் விழுந்தான், அரக்கனானான். இந்த வரிசையில்தான் அந்தச் சிறிய வாசகம் நகர்கிறது. படம் அவனை 'நாம்' பக்கத்தில் வைத்த வேகத்திலேயே எழுத்து அவனை 'அவர்கள்' பக்கத்துக்கு இழுக்கிறது. இழுக்கிற கயிறு 'இஸ்லாம்' என்ற சொல். 'தீவிர' என்ற அடைமொழி இருக்கிறதுதான். ஆனாலும் கடையில் நின்று பார்க்கிறவர் கண்ணில் எது தங்கும் என்பதை வடிவமைப்பாளர் அறியாதவரல்ல. 1970 ஜூனில் இதே சஞ்சிகை கொலைகாரன் சார்ல்ஸ் மேன்சனை அட்டையில் போட்டது. மேன்சன் பைபிளின் கடைசிப் புத்தகத்தைத் தன் இஷ்டத்துக்கு வியாக்கியானம் பண்ணித்தான் ஆள் சேர்த்தவன். அந்த அட்டையில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. உயிரோடிருக்கும் ஆக ஆபத்தான மனிதன் என்றது. மனிதன் என்பதோடு நின்றது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கட ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் அச்சுக்கலை சார்ந்த நுணுக்கமாகத் தெரியாது. ஒரு சிலரின் முகம் எப்படி ஒரு முழுச் சமூகத்தின் அடையாள அட்டையாக மாறும் என்பதை நாங்கள் சோதனைச் சாவடிகளில் படித்தோம்.

'ரோலிங் ஸ்டோன்' தன் 'நாம்' எது என்பதை எழுத்தில் ஒருபோதும் சொன்னதில்லை. 2023இல் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வென்னர் சொல்லிவிட்டார். ஏழு இசைக்கலைஞர்களோடு தான் நடத்திய செவ்விகளை 'மாஸ்டர்ஸ்' என்று நூலாக வெளியிட்டார். ஏழு பேரும் வெள்ளை ஆண்கள். ஏன் என்று 'நியூயோர்க் டைம்ஸ்' செவ்வியில் கேட்டபோது, பெண்களும் கறுப்பினக் கலைஞர்களும் அந்த அளவுக்குத் தெளிவாகப் பேசக்கூடியவர்களாக இருக்கவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார். உடனடியாக 'ரொக் அண்ட் ரோல் ஹோல் ஒஃப் ஃபேம்' நிர்வாக சபையிலிருந்து அவரை நீக்கினார்கள். சபைக்கு அதிர்ச்சியாம். அந்த அட்டைகளை அடுக்கி வைத்துப் பார்த்த எவருக்கும் இதில் என்ன அதிர்ச்சி என்று எனக்கு விளங்கவில்லை.

இதுவரைக்கும் சொன்னதை வைத்து, வெள்ளைக்காரரின் அட்டை மற்றவரை விலக்குகிறது என்று யாரும் இலேசாக முடித்துவிடக் கூடாது. எங்கட நாட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு படம் அந்த இலேசைக் கெடுக்கிறது.

மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ. 2005இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பின் பெயர் 'அருளர்'. ஈரோஸ் இயக்கத்தில் இருந்த தகப்பனாரின் பெயர். அவர் பாட வருமுன் ஓவியம் படித்தவர். அச்சுத் தகடு வெட்டி நிறம் விசிறுகிற ஸ்டென்சில் முறையில் தன் உலகத்தைத் தானே கீறினார். 'கலாங்' பாட்டின் காணொளியில் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாகப் புலிகள் ஓடும், தாங்கிகள் உருளும். மேற்கத்திய இசைச் சஞ்சிகைகள் கையை நீட்டி வரவேற்றன. கறுத்த தோலுள்ள, அகதியாக வந்த, லண்டன் அரச தொடர்மாடியில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண் தன் படத்தைத் தானே வடிவமைத்துக்கொண்டு வந்து நின்றது சாதாரண விடயமில்லை. லண்டனில் வளரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி அதைப் பார்த்து முதல்முறையாக 'நாம்' என்று நினைத்திருப்பாள். அவளிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தப் புலி எனக்கு நிறமாகத் தெரியவில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேறக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எம்.ஐ.ஏ. புலிகளின் ஆதரவாளர் என்று நான் சொல்லவில்லை. பயங்கரவாதத்தை ஆதரிப்பதாகச் சொன்னதை அவரே மறுத்திருக்கிறார். புலியைப் பார்த்தால் வயிறு சுருங்குகிற ஒரு பார்வையாளர் கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்பது அந்த ஸ்டென்சிலுக்கும் தெரியவில்லை, அதைக் கொண்டாடிய சஞ்சிகைகளுக்கும் தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன். கொடி பின்னணியானது மாதிரிப் புலியும் கோலமாகிவிட்டது. விலக்கப்பட்டவர் தன் 'நாம்' என்பதைக் கீறும்போதும் அதற்கு வெளியே ஒருத்தர் நிற்கிறார்.

பத்தாம் தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் எடுக்கிற பிள்ளைகளுக்கு, அந்தப் பாடத்து ஆசிரியை லீவில் இருந்த ஒரு தவணையில், இந்தக் காணொளியிலிருந்து ஒரு படத்தைக் காட்டினேன். பலருக்கு நிறம் பிடித்திருந்தது. உம்மா யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் வந்து, பிறகு எங்கட ஊருக்குக் கலியாணம் முடித்து வந்தவர், அவரின் மகள் மட்டும், "இந்தப் புலிய ஏன் டீச்சர் இவ்வளவு வடிவா கீறியிருக்காங்க?" என்று கேட்டாள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள், "அது புலி இல்லடி, டிசைன்" என்றாள். இரண்டு பேருக்கும் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மணி அடித்துவிட்டது.

அடுத்த கிழமை அந்தப் பிரித்தானியச் செயற்றிட்டத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். இசைச் சஞ்சிகை அட்டை ஒன்று கீறுங்கள். அட்டையில் இருப்பவர் எந்தச் சமூகக் குழு என்று எழுதுங்கள், அது வழமையானது. அதற்குக் கீழே ஒரு வினாவைச் சேர்த்தேன்: இந்த அட்டையைக் கடையில் கண்டால் யார் கையில் எடுக்கமாட்டார், ஏன்? முதல் வினாவுக்கு எல்லாரும் பந்தி பந்தியாக எழுதினார்கள். இரண்டாவதை அரைவாசிப் பேர் வெறுமையாக விட்டிருந்தார்கள். இளஞ்சிவப்புப் பின்னணியில் கிட்டார் பிடித்த ஒரு பர்தாப் பெண்ணை ஆகவும் அழகாகக் கீறியிருந்த ஒருத்தி, மூன்று சொல்லில் விடையை முடித்திருந்தாள்: "என்ட வாப்பா. விளங்கும்தானே."

எண்ணிப் பார்த்தால் நாலு சொல். புள்ளி போட்டேன்.